முதல் மலையே அகத்தியர் மலையா? பாளையங்கோட்டை தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். ஊரு பாளையங்கோட்டை, வயசு 26, ஐடி வேலை, இப்ப வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கேன். காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரு சேந்து தீபாவளி லீவுல முதல் தடவையா ஒரு மலை ஏறலாம்னு பாக்கோம். ஒருத்தன் அகத்தியர் மலைதான் போகணும்ங்கான், பாபநாசம் பக்கமா பாஸ் இல்லாமலே கூட்டிட்டுப் போக ஒரு ஆளு இருக்காராம். இன்னொருத்தன் வெள்ளியங்கிரிங்கான். ஒரு பையனுக்கு வீசிங் உண்டு, ஒருத்தன் வெயிட் கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி எல்லாரும் வாராவாரம் கிரிக்கெட் ஆடுறவங்கதான். வீட்ல அம்மா வேண்டவே வேண்டாம்ங்காங்க. எந்த மலையை முதல்ல ஏறலாம்?

பதில்:

தம்பி, மொதல்லயே சொல்லிருதேன், ரெண்டும் வேண்டாம். தீபாவளி சமயத்துல ரெண்டுக்குமே அனுமதி கிடையாது. வெள்ளியங்கிரிக்கு பிப்ரவரில இருந்து மே வரைக்கும்தான் விடுவாங்க. அகத்தியர் மலைக்கு கேரளா ஃபாரஸ்ட்காரங்க ஜனவரி பிப்ரவரி வாக்குல திருவனந்தபுரம் பக்கத்து போனக்காடு வழியா பாஸ் குடுத்து, கைடோட அனுப்புதாங்க, மெடிக்கல் சர்டிபிகேட்டும் கேப்பாங்க. நம்ம பாபநாசம் காரையார் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988ல வந்தது, தமிழ்நாட்டுலயே முதல் புலிகள் காப்பகம் அதுதான். அதுக்குள்ள அனுமதி இல்லாம நுழைஞ்சா 1972 வனவிலங்கு சட்டப்படி கேஸ். ஆனா எனக்கு கேஸை விட வேற ஒரு பயம் இருக்கு, அதுக்குப் பின்னால வாரேன்.

நான் உத்தர்காசில மலையேற்ற கோர்ஸ் முடிச்சுட்டு அம்பாசமுத்திரத்துல இருந்து ஆளுகளைக் கூட்டிட்டுப் போறவன். புதுசா வாறவங்க எல்லாரும் உங்களை மாதிரிதான் கேக்காங்க, "எந்த மலை?"ன்னு. யாரு யாரு வாராங்க, எந்த மாசம், திரும்பி எப்படி இறங்குறதுன்னு முதல் வரிலயே கேக்குற ஆளு ரொம்ப கம்மி. மலையோட பேரும் உச்சில எடுத்த ஒரு போட்டோவும் மனசுல விழுந்துருது, பொறவு மத்த எல்லாத்தையும் அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி வளைக்க ஆரம்பிச்சிருதாங்க, வீசிங் இருக்கிறவனை "ஒண்ணும் ஆகாதுல வா"ன்னு இழுத்துட்டுப் போறது, மழை வரும்னு தெரிஞ்சும் லீவு இப்பதான் கிடைச்சுதுன்னு கிளம்புறது எல்லாம் அதுல வந்ததுதான். மலைல விழுறதும் மயங்குறதும் அன்னைக்கு நடக்குற விஷயமா தெரியும், ஆனா பாதி விபத்து ரூம்ல உக்காந்து மலையைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிருதுன்னு நான் உறுதியா நம்புதேன்.

உயரத்தை வச்சு மலையை எடை போடுறது அடுத்த தப்பு. தொட்டபெட்டா 2637 மீட்டர், தமிழ்நாட்டுலயே பெரிய சிகரம், ஆனா உச்சி வரைக்கும் கார் போகும், கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்து டீ குடிச்சிட்டுப் போவாங்க. அகத்தியர் மலை 1868 மீட்டர்தான், ஆனா காட்டுக்குள்ள போகவர ரெண்டு மூணு நாள் நடை, மேல போகப் போக செங்குத்துப் பாறை, கயித்தைப் பிடிச்சு ஏறணும், மூடுபனி வந்துட்டா அந்தப் பாறை ஈரமாகிரும், அன்னேரம் இறங்குறது ஏறுனதை விட கஷ்டம். அதனால கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர்ங்கிற நம்பரை விட்டுருங்க. நடக்க ஆரம்பிக்கிற இடத்துல இருந்து உச்சி வரைக்கும் எத்தனை மீட்டர் ஏத்தம், போகவர எத்தனை கிலோமீட்டர், பாறையா மண்ணா படியா, நடுவுல ஓடை குறுக்க வருதா, இதுதான் கேக்க வேண்டியது.

இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. 1892ல நைஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது, அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கிடணும். நல்லா நடந்து பழகுன ஆளுக்கான கணக்கு இது, நம்ம வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் முதல் தடவை ஏறுற அஞ்சு பேருக்கும் நான் அதை அப்படியே ரெண்டு மடங்காக்கிருவேன். இப்ப ஒரு மலை ஒரு பக்கம் 6 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏத்தம்னு வச்சுக்கோங்க, நைஸ்மித் கணக்குப்படி ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள ஏறிரலாம், நமக்கு அஞ்சரை மணி நேரம். காலைல ஆறு மணிக்கு கிளம்புனா பதினொன்றரைக்கு உச்சி, அரை மணி நேரம் உக்காந்துட்டு இறங்குனா நாலு மணிக்கு அடிவாரம். இதே ஆளுக பரோட்டா சாப்பிட்டுட்டு ஒம்பது மணிக்கு கிளம்புனாங்கன்னா உச்சிக்குப் போகவே ரெண்டரை ஆகிரும், இறங்கி வரும்போது ஏழு மணி, காடு இருட்டிக் கிடக்கும்.

நம்ம நெல்லைப் பக்கத்துக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, வெளியூர்ல இருந்து வாறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. நமக்கு மலை மேற்குல நிக்கி. நாம ஏறுறது பூராவும் கிழக்குச் சரிவு. காலைல ஏறும்போது வெயில் நேரா முதுகுலயும் பிடரிலயும் அடிக்கும், பத்து மணிக்கே பாறை சுட ஆரம்பிச்சிரும். சாயந்தரம் சூரியன் மலைக்குப் பின்னால சீக்கிரமே இறங்கிரும், பாளையங்கோட்டைல ஆறு மணிக்கு வெளிச்சம் இருக்கும், ஆனா சரிவுல மரத்துக்கு அடியில நாலரைக்கே வேரும் கல்லும் ஒண்ணா தெரியும். செல்ஃபோன்ல சூரிய அஸ்தமனம் 6 மணின்னு பாத்துட்டு அதை நம்பி நடக்காதீங்க.

அப்புறம் மாசம். தீபாவளி ஐப்பசில வரும், வடகிழக்கு பருவமழை ஆரம்பிக்கிற நேரம். காலைல வானம் பளிச்சுனு இருக்கும், மத்தியானம் மேகம் திரண்டு மூணு மணி வாக்குல இடியோட கொட்டும், மொட்டைப் பாறைல நிக்கும்போது மின்னல் வந்தா ஒதுங்க இடம் கிடையாது. அதை விட மோசம் ஓடை. மேல மாஞ்சோலை, ஊத்து மலைப் பக்கம் பெய்யுற மழை கீழ நிக்கிற நமக்குத் தெரியாது, இங்க வெயில் அடிச்சிட்டு இருக்கும்போதே தண்ணி இறங்கிரும். 2024 மே 17ம் தேதி பழைய குத்தாலத்துல அப்படித்தான் திடீர்னு வெள்ளம் வந்து குளிச்சிட்டு இருந்த 17 வயசு பையனை அடிச்சிட்டுப் போச்சு. 2015 மே மாசம் சதுரகிரில இருந்து இறங்கி வந்த பக்தர்கள் காட்டாத்துல மாட்டி இறந்தாங்க. திருக்குறுங்குடி மலைநம்பி கோவிலுக்குப் போன சனங்க ஆத்துல வெள்ளம் வந்து அக்கரைல மாட்டிக்கிட்டு, கயிறு கட்டி கூட்டிட்டு வந்ததும் உண்டு. தெளிவா ஓடுற தண்ணி கலங்க ஆரம்பிச்சாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேல இருந்து இரைச்சல் கூடுனாலோ அந்த நிமிஷமே கரையேறி மேட்டுக்குப் போயிருங்க. அக்கரைல மாட்டிக்கிட்டா கடக்கவே கடக்காதீங்க, முழங்கால் அளவு தண்ணி கூட வேகமா ஓடுனா ஆளைச் சாச்சிரும். பசியோட ராத்திரி உக்காந்திருக்கணும்னாலும் பரவாயில்ல, காட்டாறு எவ்ளோ வேகமா ஏறுதோ அதே மாதிரி சில மணி நேரத்துல வடியவும் செய்யும்.

மழை இல்லாத கோடைல போவோம்னா அதுக்கு வேற ஆபத்து. 2018 மார்ச் 11 தேனி பக்கம் குரங்கணி காட்டுத்தீ உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 23 பேரு இறந்தாங்க. பெரும்பாலும் உங்களை மாதிரி படிச்சு வேலைக்குப் போற பிள்ளைங்கதான், லீவு நாளைப் பாத்து வந்தவங்க. காஞ்ச புல்லுல தீ பிடிச்சா மேட்டைப் பாத்துதான் வேகமா ஏறும், மனுசன் ஏறுற வேகத்துக்கு அது காத்திருக்காது. அதுக்குப் பொறவுதான் மலையேற்றத்துக்குன்னு விதிகள் கடுமையாச்சு. 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு அரசே ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, 40 பாதை, ஈசி, மாடரேட், டஃப்னு பிரிச்சு வச்சிருக்காங்க, ஆன்லைன்ல புக் பண்ணிக்கிடலாம், காட்டோரத்துல வாழுற சனங்களையே பயிற்சி குடுத்து கைடா அனுப்புதாங்க. நெல்லை, தென்காசி மாவட்டத்துலயும் பாதை இருக்கு. தீ பிடிக்கிற சீசன்ல மூடிருவாங்க, மழை ஜாஸ்தின்னாலும் நிப்பாட்டிருவாங்க. கேன்சல் ஆகிருச்சேன்னு வருத்தப்படாதீங்க, உங்களுக்காக ஒருத்தரு யோசிச்சு முடிவு பண்ணிருக்காருன்னு அர்த்தம்.

இப்ப அந்த பாஸ் இல்லாம கூட்டிட்டுப் போற ஆளு. அவரு காட்டை நல்லாவே தெரிஞ்ச ஆளா இருக்கலாம், நான் அவரைக் குறை சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க, திருட்டுத்தனமா உள்ள போனா நீங்க எங்க இருக்கீங்கன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது, செக்போஸ்ட் நோட்டுல பேரு இருக்காது, வார்டன் கண்ணுல படாம இருக்க நல்ல பாதையை விட்டுட்டு மோசமான பாதைல கூட்டிட்டுப் போவாரு, சிக்னலும் கிடையாது. அங்க ஒருத்தன் கால் முறிஞ்சு விழுந்தான்னு வைங்க, உடனே ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லணும், ஆனா சொன்னா மாட்டிக்கிடுவோமேன்னு அஞ்சு பேரும் பயந்து, நாமளே தூக்கிட்டு இறங்கிருவோம்னு முடிவு எடுப்பீங்க. நான் முன்னாடி சொன்ன பயம் இதுதான். மலைல உயிர் போறது பல சமயம் விழுந்ததால இல்ல, விழுந்த பொறவு உதவி கேக்க லேட் ஆனதால. யானை, காட்டுமாடு, கரடி எல்லாம் உள்ள காடு அது, ராத்திரி காயம்பட்ட ஆளோட அங்க உக்காந்திருக்கிறதை நினைச்சுப் பாக்கவே முடியல. 108 வண்டி ரோடு வரைக்கும்தான் வரும், அது வரைக்கும் ஆளு தூக்கித்தான் வரணும், அடிபட்ட ஒருத்தனை டோலி கட்டி இறக்க மாத்தி மாத்தித் தூக்க எட்டு பேராவது வேணும். நீங்க அஞ்சு பேரு.

வெள்ளியங்கிரி, சதுரகிரி மாதிரி சாமி மலைகளைப் பத்தி ஒரு வார்த்தை. "எங்க ஆச்சியே ஏறியிருக்கா, நமக்கு என்ன"ன்னு நிறைய பேரு சொல்லிக் கேட்டிருக்கேன். ஆச்சி அம்பது வருசம் வயக்காட்டுல குனிஞ்சு நிமிந்தவ தம்பி, குடத்தைத் தூக்கிட்டு தினம் நடந்தவ, மலைக்குப் போகும்போதும் பைய, நின்னு நின்னு, உக்காந்து உக்காந்து ஏறியிருப்பா, உச்சில போட்டோ எடுக்கணும்ங்கிற அவசரம் அவளுக்குக் கிடையாது. நாம வெள்ளிக்கிழமை ராத்திரி வேலையை முடிச்சு, பஸ்ஸுல தூங்காம போயி, இறங்குன உடனே இருட்டோட இருட்டா ஏற ஆரம்பிக்கோம். 2024 சீசன்ல வெள்ளியங்கிரில அடுத்தடுத்து ஆளுக இறந்த செய்தி வந்துச்சே, பெரும்பாலும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலின்னுதான். கூட்டம் போற மலைன்னா பத்திரமான மலைன்னு அர்த்தம் இல்ல, கூட்டம் இருந்தா நாம நம்ம வேகத்தை விட்டுட்டு முன்னால போறவன் வேகத்துக்கு ஏறிருவோம்.

கிரிக்கெட் ஆடுறது நல்லதுதான், ஆனா அது வேற பழக்கம். ஏறும்போது நெஞ்சும் மூச்சும்தான் பிரச்சனை பண்ணும், அதை எல்லாரும் எதிர்பாத்துத்தான் வாராங்க. இறங்கும்போது தொடை முன்பக்கத் தசை ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் பிடிச்சு நிறுத்தணும், அதுக்குப் பழக்கம் இல்லாத காலு பாதி வழிலயே நடுங்க ஆரம்பிச்சிரும், அதோட சாயந்தர அவசரமும் சேந்துக்கிட்டா சின்னக் கல்லு போதும். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் எடுத்த ஆய்வுகள்லயும் நடக்கிறவங்க விழுறது இறங்கும்போதுதான் ஜாஸ்தின்னு வந்திருக்கு. அதனால உச்சின்னா அது பாதி தூரம்தான், மீதி சக்தி கைல இல்லாம அங்க போகக் கூடாது. இத்தனை மணிக்கு எங்க நின்னாலும் திரும்பிருவோம்னு கீழயே ஒரு நேரம் பேசி முடிவு பண்ணுங்க, நான் பன்னெண்டு மணி வைப்பேன். உச்சி கண்ணுக்கு முன்னால தெரியும்போது ஒருத்தனும் திரும்ப மாட்டான், அதனாலதான் அடிவாரத்துலயே பேசிக்கிடணும்ங்கேன்.

சரி, எங்கதான் போறதுன்னு கேப்பீங்க. உங்க அஞ்சு பேருல மெதுவான ஆளு யாரோ அவரை வச்சு மலையைத் தேடுங்க. மொதல்ல பண்பொழி திருமலைக்கோவில், செங்கோட்டை பக்கம், 600க்கும் மேல படி, உச்சி வரைக்கும் ரோடும் உண்டு, அதனால எவனுக்காவது முடியலன்னா வண்டில இறக்கிரலாம். வெயிட்டான தம்பிக்கும் வீசிங் தம்பிக்கும் எப்படி இருக்குன்னு அங்கயே தெரிஞ்சு போகும். பேசிக்கிட்டே ஏற முடியுதான்னு பாருங்க, ரெண்டு வார்த்தை சேந்தாப்புல சொல்ல முடியலன்னா வேகம் ஜாஸ்தி. அது முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு கடையம் பக்கத்துல தோரணமலை முருகன் கோவில், ஆயிரத்துக்கும் மேல படி, நடுநடுவுல இளைப்பாற இடம் இருக்கு, தொலைஞ்சு போக முடியாத பாதை. கோவில் நேரம் கேட்டுட்டு வெள்ளனே போயிட்டு வெள்ளனே இறங்கிருங்க, அந்தப் பக்கம் அடிவாரத்துல கரடி நடமாட்டம் உண்டு, தனியா அங்க இங்க ஒதுங்க வேண்டாம். மூணாவதா கன்னியாகுமரி பக்கம் மருந்துவாழ்மலை, அங்க படி முடிஞ்ச பொறவு பாறைல நடக்கப் பழகலாம், நிழல் கம்மி, அதனால விடியும்போதே ஏறிரணும், மழை பெஞ்ச அன்னைக்கு அந்தப் பாறை வேண்டாம். இது மூணும் முடிச்சிட்டு ட்ரெக் தமிழ்நாடுல ஒரு ஈசி பாதை, பொறவு ஒரு மாடரேட். இவ்ளோ நடந்த பொறவு அடுத்த வருசமோ அதுக்கு அடுத்த வருசமோ போனக்காடு வழியா முறையா பாஸ் எடுத்து அகத்தியர் மலைக்குப் போங்க, அது எங்கயும் போயிராது, அந்த நடையை அனுபவிச்சு நடக்கிற அளவுக்கு உங்க காலும் தயாரா இருக்கும்.

இடைல பாளைல இருக்கும்போது ஸ்டேடியம் கேலரி படில வாரம் மூணு நாள் ஏறி இறங்குங்க, பைக்குள்ள மூணு லிட்டர் தண்ணி பாட்டிலை வச்சிட்டு. இறங்குறதுதான் முக்கியம், ஓடி இறங்காதீங்க. ஷூ புதுசா வாங்குனா மலைக்கு முன்னாடி ரெண்டு வாரமாவது போட்டு நடங்க. ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும், காயாது. தண்ணி ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் கணக்கு, கூட ஓஆர்எஸ் பொடி, வெறும் தண்ணியா குடிச்சிட்டே இருந்தா உடம்புல உப்பு இறங்கி அதுவே மயக்கத்துல கொண்டு விடும். கடலைமிட்டாய் நல்லது, புளிசாதம் நல்லது. தலைல மாட்டுற டார்ச் ஆளுக்கு ஒண்ணு, பகல்ல இறங்கிருவோம்னு நினைச்சாலும் கொண்டு போங்க. ஒரு விசில் வச்சுக்கோங்க, நிமிசத்துக்கு ஆறு தடவை ஊதி ஒரு நிமிசம் விட்டு மறுபடி ஊதுறது மலையேறுறவங்க மத்தியில ஆபத்துக்கான அடையாளம். அட்டை கடிச்சா பயப்பட ஒண்ணும் இல்ல, நகத்தால பைய நெம்பி எடுத்துட்டு கழுவிருங்க. சரக்கு மட்டும் ஒரு சொட்டு கூட வேண்டாம், இதுல எனக்கு விட்டுக்குடுக்கவே முடியாது, பாட்டிலோட வாற குரூப்பை நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்.

நடக்கும்போது அஞ்சு பேரும் ஒண்ணா நடங்க. மெதுவான ஆளு முன்னால, நல்லா நடக்குறவன் கடைசில. வேகமா போறவன் முன்னால போயி உக்காந்திருந்து, பின்னால வாறவன் மூச்சு வாங்க வந்து சேந்த உடனே "கிளம்புவோமா"ன்னு எந்திரிக்கான் பாருங்க, அதுல முடியாதவனுக்கு ஓய்வே கிடைக்காது, அவனும் வெக்கப்பட்டு முடியலன்னு சொல்ல மாட்டான். முடியலன்னு எவன் சொன்னாலும் கேள்வி கேக்காம எல்லாரும் திரும்பணும், அதை முன்னாடியே ஒத்துக்கிடுங்க.

வீட்ல அம்மா வேண்டாம்ங்கிறது மலையைப் பாத்து இல்ல, நீங்க எங்க போறீங்க எப்ப வருவீங்கன்னு தெரியாததாலதான்னு எனக்குப் படுது. எந்த மலை, எந்தப் பக்கமா ஏறுதோம், யாரு யாரு நம்பரு, எத்தனை மணிக்கு கீழ வந்து ஃபோன் பண்ணுவோம், அந்த நேரம் தாண்டி ரெண்டு மணி நேரம் ஆனா யாருக்குச் சொல்லணும்னு ஒரு பேப்பர்ல எழுதி அம்மா கைல குடுத்துட்டுப் போங்க. 112, 108, அந்தப் பக்கத்து ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ் நம்பரு அதுலயே இருக்கட்டும். நான் எங்க கிளம்புனாலும் வீட்ல இதைச் செய்யாம கிளம்புறதில்ல.

தீபாவளிக்கு இந்த வருசம் திருமலைக்கோவில் மட்டும் போதும், அதுவும் மழை இல்லாத காலைல. அதுக்கு முன்னாடி வீசிங் தம்பியை அவரு வழக்கமா பாக்குற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி, ஏறுறதுக்கு முன்னாடி பஃப் எடுக்கணுமா, எவ்ளோ எடுக்கணும்னு கேட்டுக்கோங்க, இன்ஹேலர் அவரு சட்டைப் பைல இருக்கணும், இன்னொருத்தன் பைக்குள்ள இல்ல. வெயிட்டான தம்பிக்கு பிபி, சுகர் ஒருக்கா பாத்துருங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னும், திருமலைப் படில யாருக்கு எங்க மூச்சு வாங்குச்சுன்னும் எழுதி அனுப்புங்க, தோரணமலைக்கு எப்ப போகலாம்னு அதைப் பாத்துட்டுச் சொல்லுதேன்.